ஒளி மாறும் விண்மீன்களும் உறங்காத கண்களும்

முன்னுரை

மாறாமைக்கு எடுத்துக்காட்டுத் தேடும்போதெல்லாம் மனிதன் வானத்து மீன்களையே நாடி வந்துள்ளான். மணமக்களுக்கு அருந்ததி காட்டுகின்ற வழக்கமும், துருவ மீனைத் துணையாகக் கொண்டு கலம் செலுத்திய மரபும் இந்நம்பிக்கையின்பாற் பட்டனவே. ஆயின், நிலைபேற்றின் சின்னமாகிய அத்துருவ மீனே ஏறத்தாழ நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒளியிற் சிறிதளவு கூடிக் குறைகின்றது என்பது அறிவியல் கண்ட உண்மை. வானமும் மாறுகின்றது. அம்மாற்றத்தை எவரேனும் இடைவிடாது நோக்கிக் குறித்து வைத்தாலன்றி உலகம் அதனை அறிதற்கில்லை.

அவ்வாறு நோக்கியவர் யாவர்? பெரும் ஆய்வுக்கூடங்களின் அறிஞர் சிலர் அவர்களுள் உளர். ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தோர் எழுத்தர், பள்ளி ஆசிரியர், உழவர், மருத்துவர், வழக்கறிஞர் முதலாய எளிய மாந்தரே. பகலெல்லாம் வேறு பணி பார்த்து, இரவில் வானம் பார்த்த இவ்வார்வலர்களின் பணி யாது, அதன் பயன் யாது, அதில் மாணவர் கற்றற்குரியது யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

மாறொளி விண்மீன்கள்

ஒளியளவில் கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களை மாறொளி விண்மீன்கள் என்பர். 1596ஆம் ஆண்டில் டேவிட் ஃபாப்ரீசியஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் திமிங்கல விண்மீன் குழுவில் ஒரு மீன் தோன்றி மறைவதைக் கண்டார். பிற்காலத்தார் அதற்கு 'மீரா' எனப் பெயரிட்டனர். 'வியப்புக்குரியது' என்பது அதன் பொருள். ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை அது வெறுங்கண்ணுக்குப் புலனாகும் அளவு ஒளிர்ந்து, பின்னர்த் தொலைநோக்கியின்றிக் காண இயலாதவாறு மங்குகின்றது. முதிர்ந்த அவ்விண்மீனின் உடல் விரிந்து சுருங்குவதே இதற்குக் காரணமாகும்.

மற்றொரு வகையை விளக்க 'அல்கூல்' என்னும் விண்மீன் போதும். 'ரஃஸுல் கூல்' என்னும் அரபுத் தொடர் 'பேயின் தலை' எனப் பொருள்படும். அதுவே ஐரோப்பிய மொழிகளிற் சென்று அல்கூல் என நின்றது. இதன் ஒளி மாறுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என நிறுவியவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்து இளைஞர் ஜான் குட்ரிக் ஆவார். செவிப்புலன் இழந்த அவர், 1782ஆம் ஆண்டு தம் பதினெட்டாம் அகவையில் இதனை இரவுதோறும் நோக்கத் தொடங்கினார். 2 நாள், 20 மணி, 49 நிமிடத்திற்கு ஒருமுறை அல்கூல் மங்கி மீள்கின்றது. இருண்ட பொருளொன்று அதனைச் சுற்றி வந்து இடையிடையே மறைப்பதால் இவ்வாறு நிகழலாம் எனக் குட்ரிக் கருதினார். 1783இல் இங்கிலாந்து அரசவைக் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. 1786இல், இருபத்தோராம் அகவையில், அவர் மறைந்தார். அவரது கருத்து மெய்யே என நிறமாலை ஆய்வு 1889இல் உறுதிப்படுத்தியது. நூறாண்டு கழித்து வந்த கருவி, கேளாச் செவியினரான ஓர் இளைஞரின் கண்ணுக்குச் சான்று கூறியது.

நம்மவர் திருவாதிரை எனப் போற்றும் செந்நிற விண்மீனும் மாறொளி மீனே. 2019ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அது வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக மங்கிற்று. அதன் பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்ததும், அதிலிருந்து வெளிப்பட்ட பொருள் தூசாகித் திரையிட்டதுமே காரணம் என ஆய்வாளர் பின்னர் விளக்கினர். வெறுங்கண்ணால் அளந்து உலகெங்கிலுமிருந்து ஆர்வலர் அனுப்பிய மதிப்பீடுகளும் அவ்வாய்வுக்கு உதவின.

நோவா எனும் புதுமீன்

நேற்றுவரை இல்லாத இடத்தில் இன்று திடீரென ஒரு விண்மீன் ஒளிர்வதைக் கண்ட முன்னோர் அதனைப் புதிய மீன் எனக் கருதினர். 'புதியது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே 'நோவா' என்பது. உண்மையில் அது புதிதாய்ப் பிறந்ததன்று. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களுள் ஒன்று எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ளனாக இருக்கும். அது தன் துணையினின்றும் ஹைட்ரஜன் வளியைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து தன்மேற் போர்த்துக்கொள்ளும். அப்போர்வை தடித்து, அழுத்தமும் வெப்பமும் ஒரு வரம்பைக் கடந்ததும், அணுக்கரு வினை மூண்டு மேற்பரப்பு வெடிக்கின்றது. விண்மீன் அழிவதில்லை. மீண்டும் கவரத் தொடங்குகின்றது. ஆகவே சில நோவாக்கள் மனித வாழ்நாளுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் வெடிக்கின்றன.

விண்மீன் முழுவதுமோ அதன் உட்கருவோ சிதைந்து நிகழும் பெருவெடிப்பைச் சூப்பர்நோவா என்பர். 1006ஆம் ஆண்டு தோன்றிய சூப்பர்நோவாவே வரலாற்றில் பதிவானவற்றுள் மிக்க ஒளியுடையது. எகிப்து நாட்டில் அதனைக் கண்ட அலீ இப்னு ரிள்வான் மருத்துவத்தால் பெயர் பெற்றவர். அது வானில் நின்ற இடத்தையும், கோள்கள் அப்போது நின்ற நிலைகளையும், அதன் ஒளி நிலவொளியின் காற்பங்கினும் சற்று மிகுந்திருந்ததையும் அவர் எழுதி வைத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அவ்வெடிப்பின் எச்சத்தை இனங்காண முயன்ற வானியலார்க்கு அக்குறிப்பு பயன்பட்டது. அவருக்கும் முன்னர், 964ஆம் ஆண்டளவில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை இயற்றினார். தாலமியின் பட்டியலையே அடிப்படையாகக் கொண்ட போதிலும், ஒளியளவுகளைத் தம் கண்ணால் மீண்டும் மதிப்பிட்டு, வேறுபட்ட இடங்களில் தாம் கண்டதையே குறித்தார். முன்னோரைப் போற்றுதலும் கண்டதை மறைக்காமையும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

கண்ணால் அளக்கும் கலை

விண்மீன்களின் ஒளியை அளக்கும் எண்ணை ஒளித்தரம் என்பர். எண் கூடுந்தோறும் ஒளி குறையும். வெறுங்கண்ணால் ஆறாம் தரம் வரை காணலாம். ஐந்து தரங்களின் வேறுபாடு ஒளியில் நூறு மடங்கு ஆகும் என்னும் கணக்கை 1856இல் வகுத்தவர் நார்மன் போக்ஸன். அவர் 1861இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பேற்று, 1891இல் மறையும்வரை இங்கேயே பணியாற்றினார்.

நோக்கும் முறை எளிது. ஒளி மாறாத இரு மீன்களை ஒப்பீட்டுக்குக் கொள்ள வேண்டும். ஒன்றின் தரம் 6.0, மற்றதன் தரம் 7.0 எனக் கொள்வோம். நாம் நோக்கும் மாறொளி மீன் முன்னதைவிட மங்கலாகவும் பின்னதைவிட ஒளியுடனும், ஆயினும் முன்னதற்குச் சற்று நெருக்கமாகவும் தோன்றினால், அதன் தரம் 6.4 என மதிப்பிடலாம். செந்நிற மீன்களை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் அவை மெய்யளவினும் மிகுந்து ஒளிர்வதாகத் தோன்றும். எனவே அவற்றைச் சிறு சிறு பார்வைகளால் மதிப்பிட வேண்டும். பின்னர் மீனின் பெயர், நாள், நேரம், தரம், ஒப்பிட்ட மீன்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நாடுதோறும் நாள்காட்டியும் நேரமும் வேறுபடுதலின், வானியலார் கி.மு. 4713 முதல் தொடர்ந்து எண்ணப்பெறும் ஜூலியன் நாளெண்ணைக் கையாளுகின்றனர். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கிரீனிச் நண்பகல், அம்முறையில் 2451545 ஆகும்.

இக்கலைக்கும் சென்னைக்கும் உள்ள உறவு ஒளித்தரக் கணக்கோடு முடிவதன்று. 1863 மே மாதத்தில் போக்ஸன் விருச்சிகக் குழுவில் முன்பு காணாத ஒரு மீனைச் சென்னையிலிருந்து கண்டு பதிவு செய்தார். சில நாள்களிலேயே அது மங்கி மறைந்தது. 'யூ ஸ்கார்ப்பீ' என இன்று வழங்கும் அது, மீண்டும் மீண்டும் வெடிக்கும் நோவா என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. போக்ஸனின் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வானக் குழுவில் ஒரு மாறொளி மீனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் இத்தகைய கண்டுபிடிப்புக்கு உரியவரான இந்தியர் அவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

ஆர்வலர் ஏன் வேண்டும்?

பெருந்தொலைநோக்கிகள் சிலவே, மாறொளி மீன்களோ பல்லாயிரம். ஆய்வறிஞர்க்குப் பெருங்கருவி ஆண்டில் சில இரவுகளே வாய்க்கும். விண்மீனின் மாற்றமோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. சில நோவாக்கள் எப்போது வெடிக்கும் என எவராலும் கூற இயலாது. ஆகவே பல நாடுகளில், பல கண்கள், பல்லாண்டுகள் விழித்திருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மேகம் மூடினால் மற்றோரிடத்தில் வானம் தெளிந்திருக்கும். ஒரு நாட்டில் பகலாயின் மறு நாட்டில் இரவாகும்.

இத்தேவையை உணர்ந்து இங்கிலாந்தில் 1890இல் மாறொளி மீன்களுக்கெனத் தனிப்பிரிவு கண்டது பிரித்தானிய வானியல் சங்கம். அமெரிக்காவில் 1911இல் வில்லியம் டைலர் ஆல்காட் என்னும் வழக்கறிஞர், ஹார்வர்டு ஆய்வுக்கூடத்து அறிஞர் பிக்கரிங்கின் ஊக்கத்தால், மாறொளி விண்மீன் நோக்கர் கழகத்தைத் தோற்றுவித்தார். இக்கழகத்தின் களஞ்சியத்தில் சேர்ந்துள்ள பதிவுகள் ஐந்து கோடியைக் கடந்துவிட்டன. அவற்றை அனுப்பியவருள் ஒருவர் வங்காளத்துக் கருவூல எழுத்தர்.

ஜெஸ்ஸூர் கருவூல எழுத்தர்

இராதா கோவிந்த சந்திரா 1878இல், இன்றைய வங்காளதேசத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸூர் பகுதியிற் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் தேறவில்லை. ஜெஸ்ஸூர் அரசுக் கருவூலத்தில் சிறு பணியில் அமர்ந்து, நாணயங்களிடையே பகற்பொழுதைக் கழித்தார். 1910இல் ஹேலியின் வால்மீன் தோன்றியபோது அதனை இருகண் நோக்கியால் நாள்தோறும் கண்டு குறிப்பெழுதினார். 1912இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை விலைக்கு வாங்கினார். குறைந்த ஊதியத்தினர்க்கு அஃது எத்துணைப் பெரிய செலவு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1918 ஜூன் மாதத்தில் கழுகு விண்மீன் குழுவில் ஒரு நோவா வெடித்தது. அந்நூற்றாண்டின் மிக ஒளிமிக்க நோவா அதுவே. உலகில் அதனைத் தாமாகவே கண்டறிந்தோருள் சந்திராவும் ஒருவர். அவருடைய குறிப்புகள் ஹார்வர்டு சென்றடைந்தன. தேர்விற் தேறாத எழுத்தரைக் கழகம் தன் நோக்குநராக ஏற்றுக்கொண்டது. 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய பதிவுகள் 37,000க்கும் மேற்பட்டவை. ஆண்டொன்றுக்கு ஆயிரத்திற்குக் குறையாத அளவு அது. பல மாத மழைக்காலம் உள்ள நாட்டில் இது எளிய செயலன்று.

மூன்று அங்குலக் கருவியால் அவர் ஆற்றிய பணியைக் கண்ட கழகம், 1920களில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பி வைத்தது. பிரெஞ்சு அரசும் அவரைச் சிறப்பித்தது. நாடு பிரிவினையுற்ற பின் அவர் ஜெஸ்ஸூரை விட்டு மேற்கு வங்காளம் சேர்ந்தார். பிறந்த மண் மாறிற்று. நோக்கும் வழக்கம் மாறவில்லை. 1975இல் அவர் மறைந்தார்.

அத்தொலைநோக்கியின் வரலாறு நம் மாநிலத்தில் வந்து முடிகின்றது. சந்திரா நோக்கலை நிறுத்திய பின், கழகம் அதனை வைணு பாப்புவின் பொறுப்பில் ஒப்படைத்தது. பாப்புவின் பின்புலமும் ஈண்டு நோக்கத்தக்கது. இங்கிலாந்தில் கல்வி பயின்ற ஐதராபாத் பிரபு நவாப் ஜாஃபர் ஜங், தம் சொந்த ஆர்வத்தால் பெருந்தொலைநோக்கி ஒன்றை வாங்கி, 1901இல் வானாய்வுக்கூடம் நிறுவினார். 1907இல் அவர் மறைந்தபின் நிஜாம் அரசு அதனை ஏற்று நடத்தியது. நிஜாமியா ஆய்வுக்கூடம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில் பணியாற்றியவரின் மகனே பாப்பு. ஓர் ஆர்வலர் எழுப்பிய கூடத்தின் நிழலில் வளர்ந்தவர், மற்றோர் ஆர்வலரின் கருவியைப் பெற்றார். வாணியம்பாடிக்கு அண்மையில், ஜவ்வாது மலையின்கண், பாப்பு தோற்றுவித்த காவலூர் வானாய்வுக்கூடத்தை அத்தொலைநோக்கி வந்தடைந்தது. 1986இல் அக்கூடத்திற்குப் பாப்புவின் பெயரே சூட்டப்பெற்றது.

தவறிய இரவும் தவறாத கடமையும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து உழவர் குடியிற் பிறந்த லெஸ்லி பெல்டியர், சிறுவனாயிருந்தபோது ஸ்ட்ராபெரி பழம் பறித்துக் கிடைத்த கூலி 18 டாலரைக் கொண்டு இரண்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார். 1918இல் தொடங்கி 1980இல் மறையும் வரை, ஒரு மாதமும் தவறாது கழகத்திற்குப் பதிவு அனுப்பினார். அவற்றின் தொகை 1,32,000.

வடமுடி என்னும் விண்மீன் குழுவில் உள்ள ஒரு நோவா 1866இல் வெடித்தது. அது மீண்டும் வெடிக்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்பில் பெல்டியர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதனைக் காத்திருந்தார். 1946 பிப்ரவரியில் ஓரிரவு, நோக்குதற்கென விடியற்காலைக்கு முன் எழுந்தவர், சளி பிடிக்கும் அறிகுறி கண்டு மீண்டும் படுக்கைக்குச் சென்றார். அந்த இரவிலேயே அது வெடித்தது. வேறு நாட்டினர் கண்டு அறிவித்தனர். இந்நிகழ்ச்சியைப் பெல்டியர் மறைக்கவில்லை. 1965இல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் தாமே எழுதினார். அதன் பின்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள் நோக்கினார். புகழை வேண்டியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பார். எண்பதாண்டு இடைவெளியில் வெடிக்கும் அந்நோவாவின் அடுத்த வெடிப்பை 2024 முதல் உலகெங்கிலும் உள்ள ஆர்வலர் எதிர்நோக்கத் தொடங்கினர்.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக் பல்லாயிரம் விண்மீன்களின் அமைப்பை நினைவிற் பதித்துக்கொண்டவர். கவிதைகளை மனனம் செய்வோர்க்கு இதன் அருமை விளங்கும். ஒரு செய்யுளில் ஒரு சீர் மிகுந்தால் புலவரின் செவி உணர்வதுபோல, வானில் ஒரு மீன் மிகுந்தால் அவர் கண் உணர்ந்தது. ஐந்து நோவாக்களை அவர் கண்டறிந்தார். அவற்றுள் இறுதியானதை 1991இல், தம் எழுபத்தெட்டாம் அகவையில், வீட்டின் உள்ளிருந்தே சன்னற் கண்ணாடி வழியாக இருகண் நோக்கியாற் கண்டார்.

வாய்மையே அளவுகோல்

நோவாவொன்றைக் கண்டதாக எண்ணுபவர் உடனே முரசறைதல் கூடாது. அது கோளோ, சிறுகோளோ, முன்பே அறிந்த மாறொளி மீனோ என்பதை விண்வரைபடங்களோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும். இயலுமாயின் மற்றொருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே அறிவித்தல் முறை. பொய்யான அறிவிப்பு, பெருந்தொலைநோக்கிகளின் அரிய நேரத்தை வீணாக்கும்.

மாறொளி மீனை மதிப்பிடுபவர் நேற்று எழுதிய எண்ணைப் பாராமல் இன்று எழுத வேண்டும். இல்லையெனில், மனம் எதிர்பார்ப்பதையே கண்ணும் காணும். பிறர் எழுதியதோடு தம் எண் பொருந்தவில்லை என்று திருத்துதலும் ஆகாது. மீன் தென்படாத இரவிலும், 'இன்ன தரம் வரை நோக்கினேன். காணவில்லை' என எழுதுதல் வேண்டும். வெறும் ஏடு என நாம் எண்ணும் இப்பதிவே, வெடிப்பு எந்நாளுக்குப் பின் நிகழ்ந்தது என்பதை உறுதி செய்கின்றது. கண்டதை எழுதுக, காண விரும்பியதை எழுதற்க என்பதே இத்துறையின் ஒரே சட்டம்.

போக்ஸன் 1863இல் சென்னையிலிருந்து கண்ட அந்நோவாவே இதன் பயனுக்குச் சான்று. அது ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை வெடிப்பதைப் பழைய பதிவுகளால் உணர்ந்த ஆய்வாளர், அடுத்த வெடிப்பை முன்கூட்டியே கணித்தனர். ஆர்வலர் இரவுதோறும் காவல் இருந்தனர். 2010 ஜனவரி 28ஆம் நாள் புளோரிடாவைச் சேர்ந்த இரு ஆர்வலர் வெடிப்பைக் கண்டு அறிவிக்க, சில மணி நேரத்திற்குள் பல நாட்டுத் தொலைநோக்கிகளும் விண்கலங்களும் அத்திசை திரும்பின. 2022இல் அது மீண்டும் வெடித்தபோது ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் முதலிற் கண்டார். திடீரென ஒளி மிகும் மீன்களை ஹப்பிள் விண்தொலைநோக்கி நோக்கவிருந்த வேளைகளிலும், அம்மீன்கள் அமைதியாக உள்ளன என ஆர்வலர் உறுதி கூறிய பின்னரே அதன் நுண்கருவிகள் அவற்றின்பால் திருப்பப்பெற்றன. மிகுந்த ஒளி அக்கருவிகளைக் கெடுத்துவிடக் கூடும் என்பதே காரணம். விலைமதிப்பற்ற கருவியின் பாதுகாப்பு, ஊதியம் பெறாத மனிதரின் சொல்லை நம்பி நின்றது.

பிறை கண்ட செய்தியைக் கூறுபவரிடம் அவர் பெற்ற பட்டம் யாது என எவரும் வினவுவதில்லை. வாய்மையுடையவரா, எங்கு, எப்பொழுது கண்டார் என்பதையே வினவுகின்றனர். விண்மீன் நோக்குநரிடம் அறிவுலகம் கேட்பதும் இதுவே.

முடிவுரை

இன்று தானியங்கித் தொலைநோக்கிகள் இரவுதோறும் வானத்தைப் படம் பிடிக்கின்றன. ஆர்வலர் பலரும் மின்னணுக் கருவிகளைக் கையாளுகின்றனர். ஆயினும் மிக்க ஒளியுடைய மீன்கள் பெருங்கருவிகளின் படங்களில் அளவிறந்து வெளுத்து, அளக்க இயலாமற் போகின்றன. அங்கே வெறுங்கண்ணுக்கு இன்றும் வேலை உண்டு. நூறாண்டுக்கு மேலாகக் கண்ணால் அளந்த பதிவுத் தொடர் அறுபடாமல் இருத்தலும் வேண்டும்.

தமிழ் பயில்வார்க்கு வானியல் எதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பிரித்துப் பெயரிட்ட மொழி நம்முடையது; பிரித்தறியும் கண் இன்றிப் பெயர் பிறவாது. மேலும், அறிவுலகத்தின் வாயிலில் சான்றிதழைக் காட்டியே நுழைய வேண்டும் என நம் பிள்ளைகள் நம்பத் தொடங்கியுள்ளனர். தேர்வில் தவறியவர் தம்மைத் தாமே கழித்துக்கொள்கின்றனர். ஜெஸ்ஸூர் எழுத்தரின் முப்பத்தைந்து ஆண்டுக் குறிப்பேடுகள் அவர்களுக்கு விடை கூறும்.

தொடங்க விரும்பும் மாணவர்க்குக் கருவி எதுவும் வேண்டா. தை, மாசி மாதங்களின் முன்னிரவில், தெருவிளக்கொளி படாத மொட்டை மாடியில் நின்று திருவாதிரையைக் காண்க. அருகே ரோகிணி 0.9 தரத்திலும், புனர்பூசத்தின் ஒளிமிக்க மீன் 1.1 தரத்திலும், கிழக்கே புரோசியான் 0.4 தரத்திலும் நிற்கும். இவற்றோடு ஒப்பிட்டுத் திருவாதிரைக்கு ஓர் எண் தருக. நாளும் நேரமும் எழுதுக. பத்து நாள் கழித்து, பழைய எண்ணைப் பாராமல், மீண்டும் எழுதுக. ஓராண்டு இவ்வாறு செய்தவரின் கையில் உள்ள ஏடு, எந்த நூலகத்திலும் இல்லாத ஏடாக இருக்கும்.